பலகைச் சுவருக்கு மேலே நீண்ட கைகள்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. "அத்தைக்குக் கற்பனை ஜாஸ்தி" என்று என் மருமகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். லிப்டில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டதற்கே வியர்த்து விறுவிறுத்துப் போனவன் அவன். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

எழுபத்தொன்று, ஜனவரி. கோலாலம்பூருக்குள் ஆறு புகுந்த வருடம். நாங்கள் அப்போது பிரிக்பீல்ட்ஸில், ஆற்றை ஒட்டிய பலகை வீட்டு வரிசை ஒன்றில் குடியிருந்தோம். ஒரே நீளத் தகரக் கூரை, அதன் கீழே எட்டு வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அதுவும் கூரையைத் தொடாது. என் தலைக்கு மேலே ஒரு முழம் போகும், அவ்வளவுதான். அதற்கு மேல் காலி. முதல் வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் கேட்கும்.

அதனால் எங்கள் வரிசையில் யாரும் வாசல் வழியாகச் சுற்றிப் போய் எதையும் கொடுப்பதில்லை. எல்லாம் சுவருக்கு மேலேதான். உப்பு, தீப்பெட்டி, மீன் குழம்பு, ஊர் வம்பு... பிள்ளைகள்கூட. எனக்கு அடுப்பில் வேலை இருந்தால், முக்காலியில் ஏறி என் மகள் விமலாவைச் சுவருக்கு மேலே நீட்டுவேன். அடுத்த வீட்டு இராஜம்மா அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் நின்று வாங்கிக்கொள்வாள். அவளுக்கு வேலை இருந்தால் அவள் மகன் என் பக்கம் வருவான். விமலாவுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் பையனுக்கு மூன்று மாதம். இராஜம்மாவின் புருஷன் கார்த்திகேசு லோரி ஓட்டுகிறவன். பாதி நாள் ஈப்போ, பாதி நாள் ஜொகூர் என்று போய்விடுவான். அவளுக்கு நான்தான் எல்லாம். வாய் நிறைய "பவுனக்கா, பவுனக்கா" என்பாள்.

தண்ணீர் வந்த இரவு நாங்கள் அங்கே இல்லை. புது வருடத்துக்குச் செந்தூலில் அண்ணன் வீட்டுக்குப் போனவர்கள், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டோம். தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நடை போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சரியாகப் பேசவில்லை. "வீடு சேறா கெடக்கு. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ரயில்வேயில் தண்டவாள வேலை அவருக்கு. வெள்ளம் அடித்துப்போன பாதையைச் சரிசெய்ய ராத்திரி பகலாக டியூட்டி.

பொறுத்துத்தான் இருந்திருப்பேன். என் அண்ணிக்காரி விட்டால்தானே! விமலா அழுதால் முகத்தைச் சுளிப்பாள். பால் டின்னை ஆட்டி ஆட்டிப் பார்ப்பாள். ஒரு மத்தியானம், "தண்ணி வடிஞ்சும் சில பேருக்கு சொந்த வீடு ஞாபகத்துக்கு வரல" என்று பூனையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைத் தூக்கினேன், பையை எடுத்தேன், பஸ் ஏறிவிட்டேன்.

நான்கு மணிக்கு வந்து சேர்ந்தேன். வரிசையே வெறிச்சோடிக் கிடந்தது. படகில் வந்தவர்கள் ஆள் தேடுவதற்காக எல்லாக் கதவுகளையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் இன்னும் பள்ளிக்கூடத்து முகாமில். கடைசி வீட்டுத் தம்புசாமி அண்ணன் மட்டும் வாசலில் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்.

"பவுனு... பிள்ளையையுமா தூக்கிட்டு வந்தே?"

"பின்னே? அண்ணிகிட்ட விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"இருட்டறதுக்குள்ள திரும்பிப் போயிரும்மா. பக்கத்து வீட்ல... உனக்கு சேதி..."

"எனக்கு எல்லாம் தெரியும்ண்ணே. ஆளாளுக்கு எனக்குச் சொல்ல வேணாம்லா!"

அண்ணி மேல் இருந்த கோபம் பாவம் அந்த மனிதர் மேல் பாய்ந்தது. அவர் குனிந்து மறுபடி சேற்றை வார ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே கணுக்கால் முழுகச் சேறு. செத்த எலி நாற்றம். தண்ணீர் எதுவரை ஏறியது என்று பலகையிலேயே தெரிந்தது. அந்தச் சேற்றுக் கோடு சுவரின் உச்சியையும் தாண்டிக் கூரைச் சட்டத்தில் இருந்தது. ஆனாலும் செந்தூலுக்குத் திரும்புவதில்லை என்ற வீம்பு. இன்று ராத்திரிக்குள் ஒரு மூலையைக் கழுவி, பிள்ளைக்குக் காய்ந்த இடமாக்கிவிட வேண்டும். இரும்புக் கட்டிலைத் துடைத்து, துண்டு விரித்து, விமலாவைப் படுக்கவைத்தேன். வேலையில் இறங்கினேன்.

மணி ஆறே முக்கால். வெளிச்சம் போய்விட்டது. கரண்டு இன்னும் வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித் தரையில் வைத்தேன். விமலா சிணுங்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"பவுனக்கா... வந்துட்டீங்களா?"

அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! "ராஜம்மா! நீயும் வந்துட்டியா? நல்லா இருக்கியாடி? பையன் எப்படி இருக்கான்?"

சுவருக்குப் பக்கத்தில் போனேன்.

"தூங்குறான்க்கா."

குரல் கரகரவென்று இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஊருக்கே சளிதான் அப்போது.

"இருட்டுல என்னடி பண்றே? விளக்கு இல்லையா?"

"தீப்பெட்டி நனைஞ்சு போச்சுக்கா."

முக்காலியில் ஏறித் தீப்பெட்டியை நீட்டினேன். ஒரு கை மேலே வந்து வாங்கியது. விரல் பட்டது. சில்லென்று இருந்தது. தோல் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. நாள் முழுக்கச் சேறு கழுவினால் யார் கையும் அப்படித்தான் ஆகும். என் கையும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை. குச்சி உரசுகிற சத்தம்கூட இல்லை. சொட்... சொட்... என்று தண்ணீர் மட்டும்.

விமலா வீறிட்டு அழுதாள்.

"பாப்பா அழுவுதேக்கா. இப்படிக் குடுங்க, நான் வச்சிருக்கேன். நீங்க வேலைய பாருங்க."

எத்தனையோ தடவை செய்ததுதானே. கையைக் கழுவினேன். பிள்ளையைத் தூக்கி, முக்காலியில் ஏறி, சுவருக்கு மேலே நீட்டினேன். இரண்டு கைகள் வந்தன. வாங்கிக்கொண்டன.

அழுகை அப்படியே நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை. சட்டென்று நின்றது.

நான் இரண்டு வாளி சேறு வாரியிருப்பேன். அந்தப் பக்கம் காலடிச் சத்தம் இல்லை. தாலாட்டு இல்லை. இராஜம்மா பிள்ளையைக் கையில் வாங்கினால் வாய் ஓயாது. இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எனக்கு என்னவோ போல் ஆனது.

"ராஜம்மா, பாப்பா தூங்கிட்டாளா?"

"தூங்குறாக்கா."

அதே குரல். பையனைக் கேட்டபோது சொன்ன அதே மாதிரி.

"சரி, குடுத்துரு. பசிக்கும் அவளுக்கு."

பலகையைத் தட்டினேன்.

"ராஜம்மா!"

சொட்... சொட்... பிறகு சளக்... சளக்... நிறையத் தண்ணீருக்குள் யாரோ நடக்கிற சத்தம். அங்கே ஏது அவ்வளவு தண்ணீர்?

நான் முக்காலியில் ஏறினேன். இருட்டில் கைகள் மேலே வந்தன. துணி சுற்றிய பிள்ளை. நான் பிடித்தேன். அவள் விடவில்லை.

"பவுனக்கா... புடிச்சுட்டீங்களா?"

"புடிச்சுட்டேன், விடு ராஜம்மா!"

விட்டாள்.

பாரம்... ஐந்து மாதப் பிள்ளையின் பாரம் இல்லை. ஊறிய துணி மூட்டையின் பாரம். முழங்கை வரைக்கும் தண்ணீர் ஓடியது. துணி விலகியது.

என் மகள் இல்லை.

அவள் பையன்.

கண் திறந்திருந்தது. வாய் நிறையச் சேறு.

என் கை விரிந்துவிட்டது.

தொபுக்!

சேற்றில் விழுந்த சத்தம் இல்லை. ஆழத் தண்ணீரில் விழுந்த சத்தம். குனிந்து பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கைத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். இராஜம்மா வீட்டு வாசல்... உள்ளே சேறு, மெழுகின தரையாய் வழவழவென்று. ஒரு காலடி இல்லை.

யாரும் அங்கே நடக்கவே இல்லை.

நடுவில் சேலைத் தொட்டில். தண்ணீர் ஏற ஏற அவள் தூக்கித் தூக்கிக் கட்டியிருக்கிறாள். முடிச்சுக்கு மேல் முடிச்சு. என் தலைக்கு மேலே, கூரைச் சட்டத்தோடு ஒட்டித் தொங்கியது. சேலை முழுக்கச் சேறு காய்ந்து விறைத்திருந்தது.

அதற்குள் ஏதோ அசைந்தது... அவள் முக்காலியில் ஏறிக் கையை விட்டு எடுத்தேன்.

விமலா. உயிரோடு. உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பயத்தில் மட்டும் இல்லை. என் பிள்ளையை அவள் நனையாமல் வைத்திருந்தாள். அவள் பிள்ளையை நான் கைவிட்டுவிட்டேன்.

என் அலறல் கேட்டுத் தம்புசாமி அண்ணன் டார்ச் லைட்டோடு ஓடி வந்தார். எங்களைப் பெரிய ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். என்னைச் சாலையோரக் கல்லில் உட்காரவைத்து, தோளில் துண்டைப் போர்த்தினார்.

"தெரியும்னு சொன்னியேம்மா. ராஜம்மாவும் பையனும் தண்ணி வந்த அன்னைக்கே போயிட்டாங்க. நீ பால் குடுக்கறவ, பக்குவமா சொல்லிக்கலாம்னு உன் வீட்டுக்காரர்தான் மறைச்சாரு."

விமலாவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"நாங்கள்லாம் கடைசி வீட்டுக் கூரை மேல. கீழ அவ குரல் கேட்டுச்சு. 'பவுனக்கா, புடிங்க'ன்னு அவ பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. தகரத்தைப் பேத்து இறங்கிரலாம்னு நானும் மூணாவது வீட்டு சபாபதியும் எழுந்துட்டோம்..."

டார்ச்சை அணைத்தார்.

"அப்புறம் ஏண்ணே இறங்கல?"

என் முகத்தை நேராகப் பார்க்காமல் சொன்னார்.

"உன் குரல் கேட்டுச்சு."

"என் குரலா?"

"கூரை மேல இருந்த அத்தனை பேரும் கேட்டோம். சரி, பவுனு உள்ள இருக்கா, பிள்ளைய வாங்கிட்டா, ரெண்டு பேரும் சட்டத்துல ஏறிக்குவாங்கன்னு உக்காந்துட்டோம். விடிஞ்சு படகு வந்தது. அவ அந்தச் சுவர்ல சாஞ்ச மேனிக்கு இருந்தா. பையன் உன் பக்கம், உன் கட்டிலுக்கு அடியில கெடந்தான். நீ செந்தூல்ல இருந்தேன்னு உன் வீட்டுக்காரர் சத்தியம் பண்றாரு. அப்ப அது யாரும்மா?"

எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"நான்... என்னண்ணே சொன்னேன்?"

"'புடிச்சுட்டேன், விடு ராஜம்மா'ன்னே."

அந்த வார்த்தைகளை என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலம். அவள் செத்து ஒரு வாரம் கழித்து.