பாக்கியம் அக்கா டீ கொடுக்காத மனிதர்

என் துணிக் கடைக் கதவைத் திறந்த கையோடு முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் உள்ளே வந்து வெள்ளைத் துணி கேட்டார். சாவு வீட்டுக் கொடிக்குத்தான் என்று புரிந்தது. "யாருக்கு?" என்றேன். "நம்ம டீக்கடை பாக்கியம் அக்காவுக்குங்க. விடியக்காலையில முடிஞ்சிருச்சு." கத்தரிக்கோலை எடுத்தவன் வெட்டாமல் நின்றேன். வெள்ளைக் கொடியை எங்கே கட்ட வேண்டும் என்று எங்கள் ஊரில் அவரைப் போல் அறிந்தவர் இல்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் போனதில் நிம்மதியடைந்திருக்கும் ஒருவரும் வாசிக்கட்டும்.

இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைக்கு மேலே, எங்கள் சின்னக் கடைவீதி முடிந்து தோட்டத்துப் பாதை பிரியும் சந்தியில் அவருடைய தகரக் கடை இருந்தது. துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நான் ஏறி விற்ற காலத்துப் பழக்கம். மூன்று கதவு வைத்த புடவைக் கடை போட்ட பிறகும் அவருக்கு நான் பொட்டணிதான். "என்ன பொட்டணி, இன்னைக்கு யார ஏமாத்துனீங்க?" என்று கேட்டுத்தான் பாலில்லாத பிளேன்டீயை நீட்டுவார். நான் கோபித்துக்கொண்டதில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது.

அந்தக் கடையில் ஒருவருக்கு மட்டும் டீ கிடையாது. அவர் கல்லுடைக்கும் முதலாளி. எங்களைப் போல லயத்தில் பிறந்தவர்தான். தோட்டத்துக்கு ரோடு போடும் கொந்தராத்தை எடுத்தபோது பழைய மயானத்தின் நடுவே டோசரை விட்டார். அக்காவின் தாயாருடைய குழியும் அதில் போனது. ரோடு திறந்த அன்று கழுத்தில் மாலையோடு வந்து டீ கேட்டவரிடம் அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒங்க ரோட்டுக்குக் கீழ எங்கம்மா இருக்கா. அவகிட்ட கேட்டுட்டு வாங்க, தாறேன்."

ரோட்டுக்கு மேலே இருந்த பாறைக் குகையைப் பிற்பாடு பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். கல்லாயுதங்கள், மிருக எலும்புகள், சுட்டுத் தின்ற நத்தை ஓடுகள், கடைசியில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்த ஒரு மனிதர். இரும்பையே அறியாத காலத்தவர் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டதால் அவரை மண்ணால் மூடிவிட்டு, வெயில் காலத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்கள். "நத்தையெல்லாம் சாப்பிட்டிருக்காரு. ஒரு பிளேன்டீதான் கிடைக்கல, பாவம்" என்றார் அக்கா.

அந்த இடைவெளியில் அதே பாறையை உடைக்கக் கல் முதலாளி அனுமதி வாங்கிவிட்டார். வெடி வைத்தால் குகை இருக்காது. அதிகாரிகளிடம் போவோம் என்றேன். "போங்க. அவங்க வர்றதுக்குள்ள கல்லு லொறில ஏறிடும். எனக்கு வெள்ளைத் துணி குடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா.

மறுநாள் துளை போடும் மெஷினோடு ஆட்கள் ஏறியபோது பாதையின் இருபுறமும் வெள்ளைக் கொடி. குகை வாசலில் தப்பு அடித்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மண் மூடிய இடத்துக்கு முன்னால் ஆவி பறக்க ஒரு பிளேன்டீ. "யாருங்க செத்தது?" என்றார் மெஷின்காரர்.

"இவருதான்" என்று மண்ணைக் காட்டினார் அக்கா. "எப்பவோ செத்துட்டாரு. நமக்குத்தான் சேதி பிந்தி வந்துச்சு."

சாவு வீட்டில் வேலை செய்ய எங்கள் ஆட்களுக்குக் கை வராது. மெஷினை இறக்கிவைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். முதலாளி ஏறி வந்து கத்தினார்: "எலும்புக்கு அழுறியே, இது ஒனக்கு என்ன சொந்தமா?"

"எங்கம்மாவுக்கு அழ எடமில்லாம பண்ணிட்டீங்க. அதான் இங்க வந்து அழுறேன்."

கருமாதி வரைக்கும் முறைப்படி துக்கம் காத்தார்கள். அதற்குள் அதிகாரிகள் சொல்லிப் பல்கலைக்கழகத்தார் வந்துவிட்டார்கள். அனுமதியும் நின்றது.

முதலாளி சும்மா இருக்கவில்லை. அக்காவின் கடை ரோட்டுக்கு ஒதுக்கிய நிலத்தில் இருப்பதாகப் புகார் கொடுத்து, அதே டோசரால் தள்ள வைத்தார். தகரத்துக்குள் நெளிந்து கிடந்த டீக் கேத்தலை எடுத்துக்கொண்டு அக்கா என் கடையின் பின்புறத்துக்கு வந்தார். கடைசிவரை அங்கேதான் டீ போட்டார். "விட்டுருங்கக்கா, வயசாச்சு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மன்னிக்கிறதுன்னா அவன் வந்து கேக்கணும்ல? நான் செத்தா கட்டாயம் வருவான், பொட்டணி. நாற்காலி போடுங்க. டீ மட்டும் குடுத்துறாதீங்க."

வந்தார். அவருக்கு முன்பே அவருடைய அனுதாபப் பதாகை வந்து சந்தியில் தொங்கியது. அதில் அக்காவின் படத்தைவிட அவர் படம் பெரிது. நானே நாற்காலி போட்டேன், பந்தலின் நடுவில். இடப்பக்கத்தவருக்கு டீ, வலப்பக்கத்தவருக்கு டீ. தட்டு மறுபடி வந்தபோது கையை நீட்டினார். தட்டைப் பிடித்திருந்தவர் அன்று மெஷினை இறக்கிவைத்த அதே ஆள். "ஒங்களுக்கு இல்லீங்க. அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க." பந்தல் முழுக்கக் கேட்டது. எழுந்து போகவும் முடியாமல், பெட்டி எடுக்கும்வரை வறண்ட வாயோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

அக்காவின் குழி மண் காய்வதற்குள் முதலாளியின் ஆட்கள் மறுபடி பாறையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நெளிந்த கேத்தல் இருக்கிறது, அதில் தினமும் தண்ணீர் கொதிக்கிறது. மேல்தட்டில் ஒரு கட்டு வெள்ளைத் துணி இருக்கிறது, அது விற்பனைக்கு இல்லை. மெஷினை ஏற்றுங்கள், முதலாளி. இந்த முறை அங்கே நாங்கள் அழுவதற்கு, அக்காவையும் சேர்த்து, இரண்டு பேர் இருக்கிறார்கள்.