பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு ஏது மத்திமம்?

நம் ஊர் மண்ணரைப் பகுதி ரங்காத்தாள் மெட்ராஸுக்கு ஓடிவிட்டாளாம். சலூனில் சொன்னபோது கூடப் போனவன் பிடில்காரன். டீக்கடைக்கு வருவதற்குள் அவன் ஆர்மோனியக்காரன் ஆகிவிட்டான். வாத்தியமே ஒத்துப்போகவில்லையே என்று சந்தேகப்பட்டு, நேரில் போய்ப் பார்த்தேன்.

ஓடிப்போனவள் வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு. அர்த்தநாரியின் பனியன் கம்பெனியில் ஏழு வருஷமாகப் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலை நறுக்குகிற வேலை.

"ஏனுங்க, மெட்ராஸ்ல இருந்து எப்ப வந்தீங்க?" என்றேன்.

"வெங்காயம் உரிக்க ஆளில்லைன்னு தந்தி வந்துதுங்க. திரும்பிட்டேன்," என்றாள். சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அவள் அப்பா ஆறுமுகசாமி தறிக்காரர். கிருத்திகை பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர். ராகம் அவள் காதில் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டது. சென்னையிலிருந்து வரும் ஓர் இசை மாத இதழ் ஒரு முருகன் பாட்டைக் கல்யாணி என்று எழுதியிருந்தது. இவள் ஒரு கார்டு போட்டாள்: "ஐயா, அந்தப் பாட்டில் வருவது சின்ன மத்திமம். ஆகவே சங்கராபரணம். திருத்தவும்." இரண்டு ராகத்துக்கும் மத்திமம் என்ற அந்த ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம். அவள் எழுதியது அவ்வளவுதான்.

விலாசம் மட்டும் கம்பெனியுடையது. அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கடிதம் வந்தால் வரிசை வீடு மொத்தமும் கூடிப் படித்துவிடும். கம்பெனிக்கு வந்தால் பில்லோடு பில்லாகக் கிடக்கும்.

அந்த இதழைப் புரட்டினேன். மயிலாப்பூர்ப் பெண் என்றால் புகைப்படம், குருவின் பெயர், அப்பாவின் உத்தியோகம், மடியில் தம்புரா. நம் ஊர்ப் பெண்ணுக்கு ஓவியம். தாவணி நழுவ, இயந்திரத்தின் மேல் சாய்ந்து ஒருத்தி அழுகிறாள். தலைப்பு: 'ஆலைக் குயிலின் கண்ணீர்'. கீழே கடிதம்: "என் போன்ற ஏழை ஆலைப் பெண்ணுக்கு உங்கள் இதழே ஆறுதல்." அதற்கும் கீழே ரங்காத்தாளின் பெயர், கம்பெனி விலாசம். மத்திமத்தைக் காணோம். பிசிறு வெட்டுகிறவளுக்கு மத்திமம் தெரியும் என்பதை ஆசிரியர் குழு நம்பவில்லை போலும். கண்ணீர் என்றால் உடனே நம்பிவிட்டது.

"ஆலைக்கும் பனியன் கம்பெனிக்குமே வித்தியாசம் தெரியலீங்க அவங்களுக்கு," என்றாள்.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. நாற்பத்து மூன்று. எல்லாம் ஆண்கள். கறுப்பு மையில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, தாவணி என்ன நிறம் என்று கேட்டிருந்தான் ஒருவன். எல்லாவற்றையும் முதலில் படித்தவர் முதலாளி.

அவரையும் போய்ப் பார்த்தேன். கடிதக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். "நல்ல புள்ளைதானுங்க. ஆனா இவ கூட வர்ற எட்டுப் புள்ளைகளோட அப்பனாத்தா கேக்கறாங்க, உங்க கம்பெனியில என்ன நடக்குதுன்னு. நான் என்னன்னு சொல்றது? அந்தப் படத்துல இருக்கறது இவ இல்லைன்னு அச்சுல வரட்டும். அதுவரைக்கும் ஊட்டுல இருக்கட்டும். இந்த மாசம் முடியற வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆள் போட்டுக்குவேன்."

"அவங்க வாயால சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"நான் நம்புவேனுங்க. ஊரு அச்சைத்தானே நம்புது."

இதழுக்கு அவள் மூன்று கார்டு எழுதிவிட்டாள். பதில் இல்லை. மாசம் முடிய ஐந்து நாள்தான். தபால்காரர் தெருவுக்குள் வந்தால் அவள் கை நின்றுவிடுகிறது; தாண்டிப் போனதும் மறுபடி உரிக்கிறாள். கூட வந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இவள் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

ஆகவே அர்த்தநாரி அவர்களே, இதோ நம் பத்திரிகையிலேயே அச்சில்: அந்தப் படத்தில் இருப்பது ரங்காத்தாள் இல்லை. ஓவியருக்கு ரங்காத்தாளைத் தெரியாது. அவள் எங்கேயும் ஓடவில்லை, அழவும் இல்லை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து கம்பெனி வாசலில் ஒட்டிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவள் எட்டு மணிக்கு வருவாள். உள்ளே விடுவீர்களா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ரங்காத்தாள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, "அந்த மத்திமம் விஷயத்தையும் தனியாக, பெரிய எழுத்தில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க," என்றாள். "தப்பாப் போட்டது அவங்க. திருத்தம் அவங்கதான் எனக்குத் தரணும். வேலை போனாலும் சரி, அது பாக்கிதானுங்க."

அந்த இதழின் அடுத்த மாதப் பிரதி நேற்றே ஸ்டேஷன் கடைக்கு வந்துவிட்டது. அட்டை முதல் அட்டை வரை பார்த்துவிட்டேன். அந்தப் பாட்டு இன்னும் கல்யாணிதான்.