கடுக்கன் காதுக்கு ஒரு ஹெட்போன்

என் தம்பி மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவை அழைப்பான். அங்கே அன்று விடுமுறை. அந்தப் பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். முதலில் உடம்பு, பிறகு சாப்பாடு, பிறகு ஆற்றில் தண்ணீர் வந்ததா, மழை உண்டா. கடைசியாக, உடம்பைப் பார்த்துக்கொள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அப்பா குத்தாலம் பக்கத்தில் நெல் அரவை மில் நடத்தியவர். மில்லை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தபோதே காது மந்தமாக இருந்தது. பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் போதும் என்றிருந்தது, பிறகு அதுவும் போதவில்லை. வெள்ளிக்கிழமைப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. அப்பாவுக்கு வரிசை மனப்பாடம். போனைக் காதில் வைத்து, எதிராளி பேசத் தேவையான அளவு நேரம் விட்டு, "நல்லா இருக்கேன்" என்பார். இன்னும் கொஞ்சம் விட்டு, "ஆச்சு, ஆச்சு." பிறகு, "தண்ணி வந்துடுச்சு." பதில்கள் பெரும்பாலும் கேள்விகளுக்குப் பொருந்திவிட்டன. அம்மா காரியத்துக்கு வந்து போனதோடு தம்பி ஊருக்கு வரவில்லை. போனில் அப்பாவுக்கு அறவே கேட்காது என்பது அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் கன்னம் பட்டு போனில் ஸ்பீக்கர் திறந்துகொண்டது. நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதுப்பா. திரும்ப கையெழுத்து போடவா, வந்துடவா? நீங்க சொல்றதுதான்."

அப்பா வழக்கமான இடைவெளி விட்டார்.

"சரி சரி. உடம்ப பாத்துக்க. வச்சிடு."

நிருபர்கள் அனுப்பும் பேட்டிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது பல வருஷமாக என் வேலை. இங்கே பொருத்தம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அதற்கு ஒரு அர்த்தம் உண்டு: அங்கேயே இரு.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டேன். அப்பாவின் உத்தரவை மீறி விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"காது கேக்காதவரு எப்படிண்ணே வாராவாரம் பதில் சொல்லுவாரு? போன தடவை கான்ட்ராக்ட் முடிஞ்சப்பவும் கேட்டேன், இதேதான் சொன்னாரு. உனக்கு நான் வரணும்னா வரணும்னு சொல்லு. அப்பா பேர்ல சொல்லாத."

அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: தம்பி திரும்பி வரட்டுமா என்று உங்களிடம் கேட்கிறான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எங்கிட்ட கேட்டானா? எப்ப கேட்டான்? கேக்கணும்னா அவன் கேக்கட்டும். நடுவுல நீ என்னடா தரகு?"

ஆக, ஒருவன் அப்பா வாயால் கேட்க வேண்டும் என்கிறான். இன்னொருவர் மகன் வாயால் கேட்க வேண்டும் என்கிறார். மாதம் முடிவதற்குள் இது நடக்க வேண்டும்.

காதுக்கு வைக்கும் மெஷின் ஒன்று ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தோம். போனைப் பக்கத்தில் கொண்டு போனால் அது விசில் அடித்தது. அப்பா அதை ஒரு சோப்பு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். மெஷின் கொடுத்த டாக்டர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்கு நினைவிருந்தது. சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. க, ச, த போன்ற எழுத்துகள்தான் முதலில் காதை விட்டுப் போகும். அவை போய்விட்டால் பேச்சு வெறும் முணுமுணுப்பு.

எனக்கு ஓய்வு நேரத்தில் சாலிடரிங் அயர்ன் பிடிக்கும் பழக்கம் உண்டு. பாட்டு கேட்பதற்காக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்து அலுமினிய டப்பாவுக்குள் அடைத்து வைத்திருந்தேன். போனிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகும். அடிக்குரலைக் குறைத்து மேல்குரலைக் கூட்ட ஒரு குமிழ், சத்தத்துக்கு ஒரு குமிழ். அப்பா போனைக் கையில் பிடித்தபடி பேசலாம். தம்பியின் குரல் டப்பா வழியாகக் காதுக்கு வரும். இல்லாதது ஹெட்போன் ஒன்றுதான்.

என்னிடம் இருந்த இயர்போனில் முதலில் சோதித்தேன். "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சல் வந்தது. கரண்டில் ஓட்டுவதால் வருகிறது என்று பேட்டரிக்கு மாற்றினேன். ஒயர்களைப் பின்னி எடுத்தேன். ஒரு வாரம் அதில் போனது. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இரைச்சல் உங்களுக்கு கேக்குது. மாமாவுக்கு கேக்குமா?"

அவள் சொன்னது சரி. இடியே கேட்காத காதுக்காக நான் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த இயர்போனும் அப்பா காதில் நிற்காமல் விழுந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். நாகப்பட்டினத்துக்காரர், சவுதியில் இருந்து திரும்பியவர். என் பட்ஜெட்டைச் சொன்னதும் ஒரு பளபளப்பான பெட்டியை எடுத்துப் போட்டார்.

"பேஸ் கேட்டுப் பாருங்க சார். நெஞ்சுல இடிக்கும்."

"அப்பாவுக்கு பாய். எண்பது வயசு."

"அப்ப நெஞ்சுல இடிக்க வேணாம்."

காதின் மேல் உட்காரும் சிறிய வகை ஒன்று கொடுத்தார். பேச்சு அதில் ஓரளவு தெளிவாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்கு மாட்டினேன். உடனே பிடுங்கி எறிந்தார்.

"காத அறுக்குதுடா!"

காரணம் கடுக்கன். கல்யாணத்துக்குப் போட்ட சிவப்புக் கல் கடுக்கன் இரண்டு காதிலும் இருக்கிறது. ஹெட்போனின் தட்டை நுரை அதை அழுத்தியது, கடுக்கனின் திருகு காதின் பின்னால் குத்தியது. கழற்றலாமா என்று சைகையில் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா போனபோதுகூட கழற்றாதவர்.

ஓம்ஸ், வாட்ஸ் என்று இணையத்தில் நான் படித்ததில் கடுக்கன் போட்ட காது எங்கும் வரவில்லை. காதைத் தொடாமல் சுற்றி உட்காரும் ஆழமான கிண்ணம் வேண்டும். அப்படிப்பட்டவை என் பட்ஜெட்டில் இல்லை. மாதத்தில் பாதி போய்விட்டது.

பழசு ஏதாவது கிடக்கிறதா என்று பாயிடம் கேட்டேன். கடையின் பின்பக்கம் ஒரு சாக்கைத் திறந்து காட்டினார். மூடப்பட்ட ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் பள்ளியில் மாணவர்கள் மாட்டிக்கொண்டு பாடம் கேட்ட ஹெட்போன்கள். தேங்காய் மூடி அளவு கிண்ணம். நுரையெல்லாம் உதிர்ந்து கருப்புப் பொடியாகியிருந்தது.

"இத போயா கேக்குறீங்க சார்? காயலான் கடைக்கு போறது. போன்ல சொருகுனா சத்தமே வராது."

போனில் செருகிப் பார்த்தோம். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் வந்தது. கையோடு கொண்டுபோயிருந்த என் டப்பாவில் செருகியதும் பேசியது. பேஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. பாட்டு கேட்டால் தகரத்தைத் தட்டுவது போல இருந்தது. ஆனால் செய்தி வாசிப்பவர் "கடைமடை" என்றபோது ககரமும் டகரமும் தனித்தனியே வந்து விழுந்தன. பாடம் கேட்பதற்கென்று செய்தது. அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன்.

உதிர்ந்த நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்து என் மனைவி இரண்டு வளையங்கள் தைத்தாள். அப்பாவின் காதை நூலால் அளந்து, கடுக்கனுக்கு இடம் விட்டுத் தைத்தாள். சத்தக் குமிழில் ஒரு இடத்தில் சிவப்பு நகப்பாலிஷால் பொட்டு வைத்தேன். அதற்கு மேல் திருப்பினால் மிச்சமிருக்கும் செவியும் கெட்டுவிடும்.

சோதித்துப் பார்க்க அடுத்த அறைக்குப் போய் போனில் சொல் சொல்லாகச் சொன்னேன். பத்து. முத்து. கொத்து. அப்பா அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். சிலது தவறியது. நாலைந்து சொல்லுக்குப் பிறகு நிறுத்தினார்.

"ஏண்டா, என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டியா?"

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டான். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும் என்று காலையிலேயே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெட்போன், கையில் போன். ஸ்பீக்கர் இல்லாததால் தம்பியின் குரலை நான் கேட்க அந்தப் பழைய இயர்போனை டப்பாவின் இன்னொரு துளையில் செருகியிருந்தேன்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார்.

"யாருடா பேசுறது?"

"நான்தாம்பா," என்று தம்பி தன் பெயரைச் சொன்னான்.

அப்பா போனைத் திருப்பி அதிலிருந்த தம்பியின் படத்தைப் பார்த்தார். அவர் காதில் இருந்தது பல வருஷத்துக்கு முந்தைய குரல். இது நாற்பதைக் கடந்த ஒரு ஆளின் குரல், கொஞ்சம் கரகரப்போடு.

"சளி பிடிச்சிருக்கா?"

"இல்லப்பா. ஏசிலயே இருக்கறது. ரொம்ப நாளா இப்படித்தான்."

வரிசையில் இல்லாத கேள்வி இது, தம்பிக்கும் அடுத்து என்னவென்று தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு சொன்னான்:

"அப்பா, கான்ட்ராக்ட் முடியுது. வந்துடவான்னு கேட்டேன்ல."

"எப்ப கேட்ட?"

"இந்த மாச ஆரம்பத்துல. ரெண்டு வருஷத்துக்கு முந்தியும் கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"உடம்ப பாத்துக்கன்னு சொன்னீங்க."

அப்பா ஒரு கையால் ஹெட்போன் கிண்ணத்தைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"எனக்கு கேக்கலடா," என்றார். "ரொம்ப நாளா கேக்குறதில்ல. எதையும்."

தம்பியின் அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அந்த மெல்லிய சத்தம் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. லைன் அறுந்துவிட்டதா என்று என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன்.

"இப்ப கேக்குது," என்றார் போனைப் பார்த்து. "இப்ப கேளு."

"வந்துடவாப்பா?"

"வா."

அவன் அழுதான் என்று நினைக்கிறேன். இயர்போனில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடப் போவதில்லை, நோட்டீஸ் கொடுத்துவிடுகிறேன் என்றான். அப்பா தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது உறைத்து, "சரி" என்று வாய்விட்டுச் சொன்னார்.

பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார். வாராவாரம் கேட்பதுதான். அடுத்த வரிக்குத் தாவவில்லை, கிண்ணத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"இன்னும் இல்லப்பா. இனிமேதான்."

"என்ன வச்சிருக்க?"

தம்பி சொல்ல ஆரம்பித்தான். நான் இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.