மருமகளின் பரிசோதனைச் சீட்டு

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை பத்து இருபது. தூறல். வங்காளத்து ஜாதவ்பூரில், எங்கள் வீட்டுக் குளியலறையில், என் மருமகள் சாருவுக்குரிய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எட்டுத் துண்டாகக் கிழித்தேன். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஆம், நான்தான்!

என் மகன் ரகு போதை ஊசி போட்டுக்கொண்டவன். துறைமுகக் கணக்குப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் எண்ணிப் பழகிய நான், அவன் அலமாரியில் ஊசிகளை எண்ணினேன். பதினொன்று, ஏழு, இரண்டு... பிறகு நாற்பத்தொரு நாள் ஒன்றுமில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

முந்தைய நாள்தான் மறுவாழ்வு மையத்தில் அவனுக்குச் சிபிலிஸ் என்றார்கள். அங்கே வேலை பார்க்கும் பாப்பி, ஒரு காலத்தில் தானும் ஊசி போட்டவன், வங்க மொழியில், பெரியவர்களை அழைக்கும் முறையில் என்னை அழைத்து, சிரித்தபடியே கேட்டான்:

"ஊசியையே எண்ணிட்டிருந்தீங்களே மேஷோமஷாய், போதையில யார் யாரோட படுத்தான்னு எண்ணினீங்களா? இது அந்த வழியில வந்தது. மருமகளைக் கூட்டிட்டு வாங்க. இருந்தா பென்சிலின் போட்டுடலாம், குழந்தையும் பிழைக்கும். காசு கிடையாது."

சாருவைச் சோதிக்க அங்கே எழுதித் தந்த சீட்டை, திரும்பும் பேருந்தில் ரகு என் சட்டைப்பையில் வைத்தான். "நீங்களே சொல்லிடுங்கப்பா... எனக்கு நாக்கு எழல."

ஏன் கிழித்தேன்? மூன்றாம் மாதப் பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தைப் பத்து முறை படித்தேன். அதற்குப் பிறகும் தொற்றலாம் என்று பாப்பி சொன்னதை மட்டும் மறக்கப் பார்த்தேன். வளைகாப்புக்கு மதுரையிலிருந்து பதினான்கு பேர் டிக்கெட் எடுத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தால் அவளை அழைத்துப் போய்விடுவார்கள். ரகு மறுபடி ஊசிக்குத் திரும்புவான்... மகனுக்காகவா, என் மானத்துக்காகவா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ரகுவிடம், "சோதிச்சாச்சு, அவளுக்கு ஒண்ணுமில்லை" என்றேன்.

லேக் மார்க்கெட்டில் வளையல் வாங்கினேன். ஒரு கைக்கு இருபத்தொன்று, மறு கைக்கு இருபத்திரண்டு.

எட்டாம் மாதம் குழந்தை அழாமல் பிறந்தது. பெண். சாருவின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு மருத்துவர் காரணம் சொன்னார்.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா."

ரகு என்னையே பார்த்தான். பிறகு அவளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.

இதை நீங்கள் படிக்கும் காலையிலும் அவள் எனக்குக் காப்பி கலப்பாள். "சர்க்கரை அரை ஸ்பூன்தானே மாமா?" என்பாள். தலையாட்டுவேன்... வேறென்ன செய்ய!

பரிசோதனை இலவசம். பென்சிலின் இலவசம். குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போன டாக்சிக்கு நான் கொடுத்தது முந்நூற்று நாற்பது ரூபாய்.