ஓடுகிற குழாய்க்குப் புதுக் கால்

செய்தி வந்தபோது காலை பத்தேகால் மணி. பி-யூன் குழாய் வரிசையைத் தாங்குகிற கடைசி இரும்புக் காலுக்குச் சாம்பல் நிற மேல்பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். ஆலைக்குள் கைப்பேசி ஆகாது. எல்லாருடையதும் வாசல் காவலறைப் பெட்டியில்தான் கிடக்கும். அதனால் காவலாளி காங் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் அவர் தொப்பியைக் கழற்றியதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாளாம். பி-யூனின் கணவர் லாய் பால்மீன் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்தவர், அப்படியே போய்விட்டாராம். அன்று காலை பூச்சு வேலை மட்டும்தான் என்பதால், மதியம் போகலாம் என்று வீட்டில் இருந்தார்.

பி-யூன் பாதி இழுத்த பட்டையை இழுத்து முடித்தாள். நடுவில் விட்டால் காய்ந்த பிறகு தடம் தெரியும். லாய்க்கு அது பிடிக்காது. அப்புறம்தான் தூரிகையைத் தின்னர் டப்பாவில் போட்டுவிட்டுக் காங்கோடு நடந்தாள்.

லாய், முழுப்பெயர் சியூ தியென்-லாய், லின்யுவான் கடற்கரைப் பையன். காவ்சியுங் துறைமுகத்தில் பழைய கப்பல் உடைக்கிற இடத்தில் இரும்பு அறுக்கக் கற்றுக்கொண்டார். கப்பல் வருவது நின்றுபோனதும் ஆலைகளில் குழாய் வேலைக்கு வந்தார். பெயிண்ட் வாளியோடு பின்னால் வந்த பி-யூனை அங்கேதான் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வரிசைதான்: அவர் இரும்பை நட்டு நிறுத்துவார், இவள் பூசுவாள். புருஷன் பெண்டாட்டி சோடியாக வேலைக்கு வருவது அங்கே புதிதல்ல. இவர்கள் சண்டையும் சோடியாகவே வரும் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

எத்திலீன் ஆலையின் குழாய் வரிசைக்குக் கால் மாற்றும் வேலை அவரிடம் வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. தீக்குப் பயந்து இரும்புக் கால்களுக்கு சிமெண்ட் சட்டை போட்டிருந்தார்கள். கடல் காற்று சட்டைக்குள் புகுந்து இரும்பைத் தின்றிருந்தது. தட்டினால் பிஸ்கட் போல் உதிரும். ஆனால் மேலே நீராவியும் எண்ணெயும் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. நிறுத்தினால் குழாயில் இருப்பதையெல்லாம் பெரிய கோபுரத்தில் எரித்துத் தீர்க்க வேண்டும். அந்தக் கோபுரம் அவர் வீட்டு மாடிக்கு நேரெதிரே. ஒருமுறை அது எரிந்தபோது தெருவே இருமியது, கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்தது. அதனால் லாய்க்கு ஒரே பிடிவாதம்: கடைசிக் கால் மாறுகிறவரை தன்னால் ஆலை ஒருதரம்கூட நிற்கக் கூடாது.

கால் மாற்றுவது தூங்குகிற குழந்தைக்குத் தலையணை மாற்றுகிற மாதிரி என்பார். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் மயிரிழை தூக்கி, பாரம் முட்டுக்கு வந்ததும் பழைய காலை அறுத்தெடுத்து, புதியதை நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். பொறி பறக்கக் கூடாது. தண்ணீர் சொட்டவிட்டு ரம்பத்தால்தான் அறுப்பு.

முட்டின் அடியில் ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைக்காமல் ரம்பத்தைத் தொட மாட்டார். அதன் பெயருக்கே ‘சமர்த்தா இரு’ என்று அர்த்தம். அடம்பிடிக்காமல் ஓடட்டும் என்று ஊரில் எந்த இயந்திரத்தின் மேலும் அது உட்கார்ந்திருக்கும். உறை பச்சையாக இருக்க வேண்டும். பச்சை என்றால் ஓடு, மஞ்சள் என்றால் தடுமாறு.

வரிசையிலேயே மோசமாக அரித்திருந்த கால், திருப்பத்தில் இருந்தது. அதை அறுக்க வேண்டிய நாள் காலையில், பாரத்தை முட்டுக்கு ஏற்றி முடித்த நேரம், பி-யூன் மஞ்சள் பொட்டலத்தோடு வந்தாள்.

“பச்சை தீந்துபோச்சுய்யா. தின்னு பாத்தா மஞ்சள்தான் ருசி.”

“திங்கப்போறது நானா, குழாயா?”

“குழாய்க்கு நாக்கு இருக்கா? வச்சுட்டு வேலையப் பாரு.”

பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர் ஃபான் நியாயம் சொல்லுவாள் என்று பி-யூன் அவள் பக்கம் திரும்பினாள். ஃபான் பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனாள். உடனே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பச்சை வாங்கி வர ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள்.

பக்கத்துக் கடை இரண்டிலும் இல்லை. அவள் அடுத்த ஊர் தாலியாவ் வரை போய்த் திரும்புவதற்குள் லாய் முட்டின் பக்கத்தில் குந்தி, மஞ்சள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு நடுவில் நின்றது. முட்டின் அடித்தகடு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தார், நுழைந்தது. கீழே மூடிப்போன பழைய சாக்கடை ஒன்று. பாரம் ஏற ஏற மண் மெல்ல அமுங்கியிருக்கிறது. பச்சைக்குக் காத்திராமல் அறுத்திருந்தால் குழாய் வரிசையே தொங்கியிருக்கும்.

மறுபடி பழைய காலுக்கே பாரத்தை இறக்கினார். பள்ளத்தில் தடித்த தகடுகள் போட்டு, முட்டை ஓர் எட்டுத் தள்ளி ஊன்றினார். ஃபான் வேர்த்து விறுவிறுத்து வந்து பச்சையை வைத்தாள். பொழுது சாய்வதற்குள் புதுக் கால் நின்றது. மேலே நீராவியின் சீறல் சுருதி மாறவில்லை.

யாருக்கு நன்றி என்பதில் அன்றைக்கு வழக்கு. பொட்டலத்துக்கு என்றார் லாய். கடைக்காரன் சரக்கு வைக்காததற்கு என்றாள் ஃபான்.

“எனக்குத்தான். மஞ்சள் வாங்குனது யாரு?” என்றாள் பி-யூன். அந்த மஞ்சளைப் பிரித்து மூன்று பேரும் தின்றார்கள். நிஜமாகவே ருசியாகத்தான் இருந்தது. பிறகு வந்த பண்டிகைக்கெல்லாம் அவள் மஞ்சள் உறைதான் வாங்கி வைத்தாள், அவரைச் சீண்டுவதற்காக.

அப்படியே வரிசை நகர்ந்து கடைசிக் காலுக்கு வந்தது. லாய் இறந்துபோவதற்கு முந்தின நாள் அதையும் நிறுத்தி, அடியில் நான்கு நட்டையும் முறுக்கினார். முறுக்கிய கைதான் நட்டின் மேலிருந்து தகடுவரை வெள்ளைக் கோடு போட வேண்டும் என்பது அங்கே சட்டம். நட்டு தளர்ந்தால் கோடு பிசகிக் காட்டிக்கொடுக்கும். மூன்று போட்டதும் பேனா வற்றிவிட்டது. நாளைக்குப் போட்டுக்கலாம் என்று கை கழுவப் போனார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்தார்.

அடக்கம் முடிந்து பி-யூன் வேலைக்குத் திரும்பிய அன்று ஃபான் வந்தாள். நான்காவது நட்டைத் தானே திருகிப் பார்த்தாள். அசையவில்லை. புதுப் பேனாவை நீட்டினாள்.

“நீங்க போடுங்கக்கா.”

“முறுக்குனவங்க கைதானே போடணும்? நான் முறுக்கலையே” என்றாள் பி-யூன்.

ஃபான் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். மேலே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. லாய் கை வைத்த நாள் முதல் கோபுரம் எரியவேயில்லை. பி-யூன் மிச்சப் பூச்சை அடித்து முடித்து, தூரிகையைக் கழுவினாள்.

கடைசிக் காலின் நான்காவது நட்டில் இன்னும் கோடு போடவில்லை.