பிரபல நரம்பு டாக்டர் எஸ்தர்

இன்று மாலை பெங்களூர் விவேக் நகர் சர்ச் ஹாலில் டாக்டர் எஸ்தர் பேசினார். கையெழுத்தைக் கணினி படிக்கும் என்று சொன்னாலே எல்லோரும் சிரித்த காலத்தில், அந்த ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். பக்கத்துத் தெருவில் இருந்தும் அவரை இங்கே யாருக்கும் தெரியாது. இன்றாவது தெரியட்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன்.

பேனருக்கு எழுதிக் கொடுத்தது: "நரம்பு வலைப்பின்னல் ஆய்வின் முன்னோடி." மூளையைப் பார்த்து அமைத்த, இன்றைய ஏஐக்கு அடிப்படையான கணினி முறைக்கு அதுதான் தமிழ்ப் பெயர்.

மதியம் ஹால் வாசலில் தொங்கியது: "பிரபல நரம்பு டாக்டர் எஸ்தர்." பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் படம்.

ஃப்ளெக்ஸ் கடை அந்தோணி அண்ணனிடம் ஓடினேன்.

"என்னண்ணா இது?"

"நீ எழுதினது நீளமா இருந்துச்சும்மா. சொல்ப சின்னதாக்குன்னு ஏஐ கிட்ட சொன்னேன். படமும் அதுவே போட்டுச்சு. சூப்பரா இல்ல?"

"அண்ணா, அந்த ஏஐக்கே அவங்க ஒரு வகையில அம்மா!"

"பெத்த அம்மாவையே அதுக்கு அடையாளம் தெரியல. என்னை ஏம்மா திட்டுற?"

மெஷினில் கல்யாண பேனர் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றி அடிக்க வழியில்லை.

ஹால் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட்.

பேச்சு முடிந்ததும் ஸ்டெல்லா ஆன்ட்டி எழுந்தார். "எல்லாம் நல்லா சொன்னீங்க டாக்டர். எனக்கு இடது கால் மரத்துப் போகுதே, அதுக்கு என்ன பண்றது?"

எஸ்தர் மேடம் சிரிக்காமல் என்னைக் கைகாட்டினார். "நல்ல டாக்டர் யாருன்னு இவங்க விசாரிச்சுச் சொல்லுவாங்க."

இப்போது என் வாட்ஸ்அப் முழுக்க ஸ்கேன் ரிப்போர்ட். பெங்களூரில் நல்ல நரம்பு டாக்டர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து ஏஐயிடம் கேட்டுச் சொல்லாதீர்கள்.