எடுத்துக் கொடுக்காத வார்த்தை

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னாமே" என்பார். சோறு வேண்டுமென்றாலும் இன்னாமே, சண்டையென்றாலும் இன்னாமே. நானும் அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அறிவியல் டீச்சர் இப்படியா என்று பள்ளியில் கிண்டலடிப்பார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் அவருக்கு வேலை. போன வருஷம் ஒரு காலையில், ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே சரிந்துவிட்டார். பக்கவாதம். கால் மெல்லத் தேறியது, பேச்சு போனது போனதுதான்.

பேச்சுப் பயிற்சிக்காக ரயிலேறிச் சென்னைக்குக் கூட்டிப்போவேன். அங்கே பயிற்சி கொடுக்கும் சின்னப் பெண், போட்டோக்களைக் காட்டி யார் யார் என்று அவரைக் கேட்பாள். என் போட்டோ வந்ததும் என் பக்கம் திரும்பினாள். "உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?"

வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அதையே வரவைக்கலாம்க்கா. ஆனா நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவரே தேடணும். தேடுறப்பதான் மூளையில வழி உண்டாகும்."

நானோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவள். வகுப்பில் கேள்வி கேட்ட கையோடு பதிலையும் நானே சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவேன். வீட்டில் அவர் வார்த்தைக்குக் காத்திருந்து காத்திருந்து, வகுப்பிலும் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டது. தவளை எதனால் சுவாசிக்கும் என்று ஒரு நாள் கேட்டேன். வருஷம் முழுக்க வாயே திறக்காத பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தோலால கூட, மிஸ்" என்றாள். மறுநாள் அதையே கேட்டபோது எல்லோருக்கும் முன்னால் அவள் கைதான் உயர்ந்தது.

"இப்டி காத்துக்கினு இருந்தா போர்ஷன எப்ப முடிப்பே?" என்றார் தலைமையாசிரியை. முடித்துத்தான் காட்டினேன். பிள்ளைகளுக்குப் படித்தது தங்கியது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் விழுந்துதான் நான் இதைக் கற்க வேண்டியிருந்ததா என்று நினைத்தால் வயிறு எரியும்.

அவர் சம்பளம் நின்றபின் மாலையில் வீட்டிலேயே டியூஷன் எடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவரும் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் போனதும் எதிரே உட்கார்ந்து, "நான் யாரு?" என்று கேட்பேன். மாதக்கணக்கில் கேட்டேன். அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், மிச்சம் வராவிட்டாலும் பரவாயில்லை என்று சாமியிடமும் சொல்லிவைத்தேன்.

போன வாரம் டியூஷன் முடிந்து நான் எழுந்திருக்கும்போது அவர் கை உயர்ந்தது. உதடு துடித்தது. தேடுகிறார் என்று தெரிந்தது. இன்னாமே என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்பில் குக்கர் விசிலடித்தது, நகரவில்லை.

"மிஸ்," என்றார். "தண்ணி."

மாலையெல்லாம் அவர் காதில் விழுவது அந்த வார்த்தைதான். மூளை அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. வகுப்பாக இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன். எனக்கு அழுகைதான் வந்தது. தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தவர், பிள்ளைகள் சொல்வதுபோலவே சொன்னார்: "தேங்க்யூ, மிஸ்."